நாலாம் கொட்டிலில் கேட்ட இருமல்

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் ஆலோசனை கேட்பவர்கள் பெரும்பாலும் நாய் வளர்ப்பவர்கள்தான். றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் பிரசாதத்துக்கு நிற்கும்போதுகூட யாராவது கைப்பேசியில் நாயின் காதைப் படம் காட்டி, "அண்ணை, இது என்ன எண்டு ஒருக்காப் பாருங்கோ" என்பார்கள். அதனால் போன மாதம் தர்ஷினி அழைத்தபோது அவள் வீட்டுப் பூனைக்கு ஏதோ வருத்தம் என்றுதான் நினைத்தேன்.

தர்ஷினி இங்கே பிறந்த பிள்ளை. விலங்கு நோய்க் கண்காணிப்புப் பிரிவில் என் கடைசி நாலு வருடங்கள் என்னோடு வேலை செய்தவள். இப்போதும் அங்கேதான் இருக்கிறாள்.

"அங்கிள், நியூஸ் பாத்தனீங்களோ? தோலுக்கு மிருகம் வளக்கிற ஃபர் ஃபார்மிங்கை முழுசா நிப்பாட்டச் சொல்லி ஒட்டாவாவில பில் ஒண்டு வருது. பப்ளிக் ஹெல்த்தைத்தான் மெயின் ரீசனா சொல்லீனம். பார்லிமெண்ட் கமிட்டி சனத்திட்டக் கருத்து எழுதித் தரச் சொல்லிக் கேக்குது. நான் வேலையில இருக்கிறபடியா எழுத ஏலாது. யூ ஷுட் ரைட். அந்த மிங்க் ஃபார்முக்குள்ள போனது நீங்கள்தானே."

"அது முடிஞ்ச கதை, பிள்ளை."

"முடியேல்ல அங்கிள். மற்ற ஃபார்முகள் இன்னும் ஓடுது."

கமிட்டிக்கு ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதினேன். அந்த இரண்டு பக்கத்தில் அடங்காததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் ஊரில் கால்நடை வைத்தியனாக இருந்தவன். கனடாவின் அனுமதிப் பரீட்சையை இரண்டு தரம் எழுதி, இரண்டு தரமும் தவறினேன். கோழி வெட்டும் ஆலையில் மூன்று வருடம் நின்றேன். பிறகு அரசாங்கத்தில் களப்பணியாளர் வேலை கிடைத்தது. எங்காவது ஒரு பண்ணையில் மிருகங்கள் காரணம் தெரியாமல் செத்தால், அங்கே போய் மாதிரி எடுத்து ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஊரில் 'டொக்டர்' என்று கூப்பிட்டார்கள், இங்கே யாரும் கூப்பிடுவதில்லை என்ற கவலை இரண்டு வருடம் இருந்தது. ஹெலனிடம் வேலைக்குச் சேர்ந்த பிறகு கவலைப்பட நேரம் கிடைக்கவில்லை.

டாக்டர் ஹெலன் எங்கள் பிரிவின் மேலாளர். ஆறடி உயரம். நரைத்த தலைமயிரை ஆண்கள்போல ஒட்ட வெட்டியிருப்பார். குளிரில் பேனை மை உறைந்துவிடும் என்று காதில் எப்போதும் பென்சில்தான். நான் அவரோடு வேலை செய்த காலம் முழுவதும் அவர் ஓடியதையோ குரலை உயர்த்தியதையோ கண்டதில்லை. பண்ணைகளில் நிரப்புவதற்கு அவரே ஒரு படிவம் தயாரித்து வைத்திருந்தார். அதில் மூன்று நிரல்கள். கண்டது, கேட்டது, பிறர் சொன்னது. முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு, "நான் நினைத்ததை எங்கே எழுதுவது?" என்று கேட்டேன்.

"வீட்டில்," என்றார்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. எந்தப் பண்ணைக்குப் போனாலும் காரை நிறுத்தி, இயந்திரத்தை அணைத்துவிட்டு, ஐந்து நிமிடம் கொட்டிலுக்கு வெளியே நிற்பார். பேச விடமாட்டார். மிருகங்களின் வருத்தம் கண்ணுக்குத் தெரியமுன் காதுக்குத் தெரிந்துவிடும் என்பது அவருடைய எண்ணம். நான் அதைக் கிழவியின் கிறுக்குத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், ஒரு வான்கோழிப் பண்ணைக்குப் போகும்வரை. அந்த நீண்ட கட்டடத்தின் கதவடியில் ஐந்து நிமிடம் நின்றோம். உள்ளே காற்றாடி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. "வெறுங் கட்டடம்போல இருக்கிறது," என்று நான் சொன்னேன். ஹெலன் கதவைத் திறந்தார். உள்ளே இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை வான்கோழிகள் நின்றன. எல்லாம் நின்றபடி, தலையைத் தொங்கப்போட்டபடி, ஒரு கொக்கரிப்பும் இல்லாமல். நாங்கள் நடந்து போனபோது விலகவுமில்லை. மூன்றாம் நாள் அந்தக் கட்டடத்தில் உயிரோடு ஒன்றும் இருக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த ஐந்து நிமிடத்தில் நானும் வாயைத் திறக்கவில்லை.

பெருந்தொற்று தொடங்கிய ஆண்டின் நவம்பர் மாதத்தில், ஒரு வெள்ளிக்கிழமை, அந்த மிங்க் பண்ணைக்குப் போனோம். ரொறொன்ரோவிலிருந்து மேற்கே இரண்டு மணித்தியாலம்.

மிங்க் என்பது கீரியைப் போன்ற உடம்புள்ள ஒரு சின்ன மிருகம். கறுப்பு அல்லது கடும் மண்ணிறம். காட்டில் ஆற்றங்கரையில் தனித்தனியாக வாழும், தன் இனத்தைக்கூடப் பக்கத்தில் விடாது. அதன் தோலுக்காக அதைக் கம்பிக் கூட்டில் வளர்க்கிறார்கள். கூரை மட்டும் உள்ள, பக்கங்கள் திறந்த நீளக் கொட்டில்கள். நடுவில் ஓர் ஆள் நடக்கும் பாதை. இரண்டு பக்கமும் இடுப்பளவு உயரத்தில் கூடுகள், கடைசிவரை. ஒவ்வொரு கூட்டின் பின்னாலும் வைக்கோல் போட்ட ஒரு மரப்பெட்டி, அது படுப்பதற்கு. மீன் கழிவையும் கோழிக் கழிவையும் அரைத்த சாம்பல் நிறக் கூழைக் கூட்டின் மேல் அப்பிவிடுவார்கள். அது கம்பிக்குள்ளால் நக்கித் தின்னும். நவம்பர் கடைசியில் தோல் எடுக்கும் காலம் தொடங்கும். நாங்கள் போனது அதற்குச் சற்று முன்னர்.

அன்றைக்குக் கடும் மூடுபனி. பண்ணைக்காரர் கோர்டன் வாசலில் நின்றார். அவருடைய தகப்பனும் அதே நிலத்தில் மிங்க் வளர்த்தவராம். "ஒரு கிழமையாகச் சாகின்றன. முதலில் சாப்பாட்டை விடுகின்றன. பிறகு தும்முகின்றன," என்றார். 

ஹெலன் ஐந்து நிமிடம் நின்றார். பனிக்குள் ஆறு கொட்டில்களில் முதல் இரண்டின் முகப்பு மட்டும் தெரிந்தது. மிங்கின் சத்தம் கம்பியில் நகம் கீறுவதுபோலக் கிரீச்சென்று இருக்கும். அது எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தது. ஒரு பக்கத்தைத் தவிர. ஹெலன் பென்சிலால் அந்தப் பக்கத்தைக் காட்டினார்.

"அது நாலாவது," என்றார் கோர்டன்.

எங்கள் வேலையில் இரண்டு பேர் போனால் ஒருவர் சுத்தப் பக்கம், மற்றவர் அழுக்குப் பக்கம். நடுவில் செம்மஞ்சள் நிறக் கயிறு ஒன்று கட்டுவோம். அழுக்குப் பக்கம் போகிறவர் கயிற்றைத் தாண்டிய பிறகு, எல்லாவற்றையும் கழற்றிக் கழுவாமல் திரும்பி வர முடியாது. சுத்தப் பக்கம் நிற்பவர் எதைக் கண்டும் உள்ளே வர முடியாது. அன்றைக்கு நான் அழுக்குப் பக்கம். தலையிலிருந்து கால்வரை மூடும் வெள்ளை உடுப்பு, இரண்டு சோடிக் கையுறை, உள் கையுறையை உடுப்போடு சேர்த்துப் பசைநாடா, அதற்கு மேல் கடிபடாமல் தடித்த தோல் கையுறை. மூக்கை நெரிக்கும் முகக்கவசம், அதன் மேல் கண்ணாடித் தடுப்பு. இதெல்லாம் போட்ட பிறகு ஆளை அடையாளம் தெரியாது. அதனால் நெஞ்சில் கறுப்பு மையால் பெயர் எழுதுவோம். ஹெலன் என் நெஞ்சில் ஆங்கிலத்தில் 'குலம்' என்று எழுதினார்.

சுகமாக உள்ளவற்றை முதலில் பார்த்து, வருத்தமானவற்றைக் கடைசியில் பார்க்க வேண்டும். நோயை நாங்களே காவிக்கொண்டு போகாமலிருக்க அந்த ஒழுங்கு. மற்ற ஐந்து கொட்டில்களிலும் நான் உள்ளே கால் வைத்ததும் மிங்குகள் கத்தின, கம்பியில் பாய்ந்தன, பெட்டிக்குள் ஓடி ஒளிந்தன. செத்தவற்றின் தொண்டையில் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துக் குழாயில் போட்டு, குழாயைப் பையில் போட்டு, அந்தப் பையை மருந்துத் தண்ணீரால் துடைத்து, இன்னொரு பையில் போட்டுக் கயிற்றடியில் வைத்தேன். ஹெலன் எடுத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்தார்.

கடைசியாக நாலாம் கொட்டிலுக்குப் போனேன்.

மூடுபனி பக்கவாட்டில் உள்ளே வந்து பாதையில் கிடந்தது. பத்துக் கூட்டுக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. மிங்குகள் உயிரோடுதான் இருந்தன. ஒவ்வொன்றும் கூட்டின் முன்பக்கம் வந்து கம்பியில் முகத்தை வைத்தபடி இருந்தது. ஒன்றும் பாயவில்லை. ஒன்றும் கத்தவில்லை. மூக்கில் நீர் வழிந்த சில மட்டும் இடைக்கிடை தும்மின. நாலைந்து கூடு தாண்டிய பிறகுதான் வேறொன்றைக் கவனித்தேன். அவை என்னைப் பார்க்கவில்லை. இரண்டு பக்கமும் எல்லாத் தலையும் கொட்டிலின் மறுமுனையைப் பார்த்தபடி இருந்தன. நான் முன்னால் வந்து நின்றபோதும் ஒரு தலை திரும்பவில்லை.

அப்போது பனிக்குள், அவை பார்த்துக்கொண்டிருந்த பக்கத்திலிருந்து, ஓர் இருமல் கேட்டது.

என்னுடைய காலத்தில் மாடு இருமக் கேட்டிருக்கிறேன், ஆடு இருமக் கேட்டிருக்கிறேன். இது அப்படியில்லை. அடக்கி அடக்கி, பிறகு அடக்க முடியாமல் வெடிக்கிற இருமல். நான் நின்றேன். அது நின்றது. நான் நடந்தேன். கொட்டிலின் கடைசிவரை போனேன். அங்கே ஒருவருமில்லை. ஒரு தள்ளுவண்டியும் ஆணியில் தொங்கிய ஒரு குளிர்ச் சட்டையும் இருந்தன. திரும்பிப் பார்த்தேன். இரண்டு வரிசை முகங்களும் இப்போது என்னை நோக்கியிருந்தன. சொல்ல வெட்கமாயிருந்தாலும் சொல்கிறேன். அந்த நிமிடம் நான் கயிற்றைப் பார்த்து ஓட நினைத்தேன்.

"அண்ணை தமிழோ?"

குரல் கூடுகளுக்குப் பின்னாலிருந்து வந்தது. மரப்பெட்டிகளுக்கு அப்பால், வெளிப்பக்கத்தில், ஒரு மனிதன் குந்தியிருந்து வைக்கோலை மாற்றிக்கொண்டிருந்தான். கம்பி இடைவெளியால் என் நெஞ்சில் இருந்த பெயரை வாசித்திருக்கிறான். நாற்பது வயது இருக்கும். துணி முகமூடி நாடிக்குக் கீழே கிடந்தது.

"ஓம்," என்றேன்.

"இஞ்சை வந்து ஒரு வருசமாத் தமிழ் கதைச்ச ஆளைக் காணேல்ல. பேரைக் கண்ட உடன..." சொல்லி முடிக்கமுன் இருமல் வந்தது. அதே இருமல். அவன் இருமியதும் கூடுகளில் எல்லாத் தலையும் அவன் பக்கம் திரும்பின.

நான் இரண்டு அடி பின்னால் போனேன். "முகமூடியை மேல இழுத்துப் போடுங்கோ. எத்தினை நாளா இந்த இருமல்?"

"செவ்வாய்க்கிழமையில இருந்து. இது வைக்கோல் தூசி, அண்ணை. மயிர் பறக்கிறது. வேற ஒண்டுமில்ல."

"காய்ச்சல்?"

அவன் முகமூடியை மேலே இழுத்துவிட்டு வைக்கோல் பக்கம் திரும்பினான். அது போதுமாக இருந்தது.

அவன் பெயரைச் சொன்னான். கோர்டன் கொடுத்த, வண்டியில் கட்டி இழுக்கும் இழுவை வீடு ஒன்றில், பண்ணைக்குள்ளேயே தங்கியிருந்தான். நாலாம் கொட்டில் அவனுடைய பொறுப்பு. அகதி விசாரணை இன்னும் நடக்கவில்லை. மனைவி மதி ரொறொன்ரோவில், அஜின்கோர்ட்டில் ஒரு நிலக்கீழ் வீட்டில் இருந்தாள், முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. ஒவ்வொரு வெள்ளியும் பின்னேரம் தீன் கொண்டுவரும் லொறியில் ஏறி மதியிடம் போய், ஞாயிறு திரும்புவான்.

"இண்டைக்கும் போறியளோ?"

"நாலு மணிக்கு லொறி வரும்."

"உங்கட மனிசி நாளைக்கு வேலையோ?"

"ஓம். சனி, ஞாயிறு ரெண்டு நாளும்." நான் எதற்குக் கேட்கிறேன் என்று அவனுக்கு விளங்கிவிட்டது. எழும்பி நின்றான். கூட்டுக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான், நடுவில் அந்த முகங்கள். "அண்ணை, உதை எழுதிப்போடாதேங்கோ. எழுதினா இந்த வேலை போகும். கேஸ் வரேக்குள்ள வேலையில்லாமல் நிக்கோணும். திங்கக்கிழமை நானே சொல்லுறன். ரெண்டு நாள்தானே. நீங்களும் எங்கட ஆள்தானே."

மாதிரிகளை எடுத்தேன். வெளியே வந்து, ஒவ்வொன்றாகக் கழற்றி, கழுவி, கயிற்றைத் தாண்டினேன். காரின் முன்பக்கத்தில் வைத்துப் படிவத்தை நிரப்பினேன். கண்டது என்ற நிரலில் கொட்டிலைப் பற்றி எல்லாம் எழுதினேன். பிறர் சொன்னதில் கோர்டன் சொன்னதை எழுதினேன். கேட்டது என்ற நிரலில், நாலாம் கொட்டிலுக்கு நேரே, 'தும்மல்' என்று மட்டும் எழுதினேன்.

ஹெலன் வாசித்தார். "தும்மல் மட்டுமா?"

"ஓம்," என்றேன். அவரிடம் தமிழில் 'ஓம்' சொன்னதை உணர்ந்து, ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னேன். அவர் படிவத்தைத் திருப்பி என் கையில் தந்துவிட்டுக் காரில் ஏறினார்.

வழியில் ஒரு பெற்றோல் நிலையத்தில் கோப்பிக்கு நிறுத்தினோம். மூன்று மணிக்குக் கிட்ட. வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு வயதான பெண் சில்லு நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகமூடி சரியாக நிற்காமல் வழுக்கி வழுக்கி விழ, ஒவ்வொரு தரமும் நடுங்கும் கையால் அதைத் தூக்கிப் போட்டார். மதி நாளைக்குக் குளிக்க வார்த்து, சோறு தீத்தப்போகிற ஆட்கள் எப்படியிருப்பார்கள் என்று எனக்கு அப்போதுதான் மனதில் பட்டது. கோப்பியை வாங்காமல் வெளியே வந்தேன். ஹெலனிடம் சொன்னேன்.

அவர் ஏசவில்லை. ஏச்சைத்தான் நான் எதிர்பார்த்திருந்தேன், அது வரவில்லை. காதிலிருந்த பென்சிலை எடுத்துத் தந்தார். கார்க் கதவில் வைத்து 'மனித இருமல்' என்று எழுதினேன். பிறகு அவர் பொதுச் சுகாதாரப் பிரிவுக்கு அழைத்து விபரம் சொன்னார். கோர்டனுக்கு அழைத்து லொறியைத் திருப்பி அனுப்பச் சொன்னார். முடிந்ததும் தொலைபேசியை என்னிடம் நீட்டினார்.

"அந்த மனிதனுக்கு நீ சொல்ல வேண்டும். உன் மொழியில். அந்நியர் யாரோ வந்து கதவைத் தட்டமுன்."

கோர்டன் தொலைபேசியை அவனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். நான் சொன்னேன். லொறி வராது என்றும், வேலைக்குப் போக வேண்டாமென்று மதியிடம் சொல்லும்படியும் சொன்னேன். ஒரு முறை இருமினான்.

"தமிழ் எண்டு நம்பினன்," என்றான். தொடர்பு அறுந்தது.

திங்கட்கிழமை மிங்குகளின் முடிவு வந்தது. பெருந்தொற்று வைரஸ்தான். அவனுக்கும் அதே. அவன் அந்த இழுவை வீட்டிலேயே தனிமைப்படுத்தப்பட்டான். மதிக்குத் தொற்றவில்லை. முதியோர் இல்லத்துக்கும் நோய் போகவில்லை. இதைச் சொல்லும்போது பலரும் கைகுலுக்குவார்கள். அதற்குப் பிறகு வந்த கடதாசியை அவர்கள் காணவில்லை.

மூன்று கிழமைக்குப் பிறகு வந்த ஆய்வுகூட அறிக்கை அது. வைரஸ் ஓர் உடம்பிலிருந்து இன்னோர் உடம்புக்குப் போகும்போது சின்னச் சின்ன மாற்றங்கள் சேரும். அந்த மாற்றங்களைப் பார்த்து வழியைக் கண்டுபிடிப்பார்கள். செப்டம்பரில் மதிக்கு ஒருமுறை தொற்று வந்து சுகமாகியிருந்தது. மிங்குகளில் இருந்தது அதன் வழிவந்த வைரஸ். அவன் உடம்பில் செப்டம்பரில் அது ஓசையில்லாமல் வந்து, அவனோடு பண்ணைக்குப் போயிருக்கிறது. நாலாம் கொட்டிலில் கூடு கூடாகத் தாவி, தாவத் தாவ மாறி, மனிதர் எவரிலும் நாங்கள் காணாத ஓர் உருவம் எடுத்திருக்கிறது. அந்த மாறிய உருவந்தான் நவம்பரில் அவன் தொண்டையில் இருந்தது. ஹெலன் அந்தக் கடதாசியை இரண்டு முறை வாசித்தார். "போய்த் திரும்பி வந்திருக்கிறது," என்றார். அவர் நினைத்ததை அலுவலகத்தில் வாய்விட்டுச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

அதற்கு முன்னரே பண்ணை முழுவதையும் அழித்துவிட்டோம். எப்படி என்று எழுத எனக்கு மனமில்லை. ஆனாலும் கமிட்டிக்கு எழுதினேன், இங்கேயும் எழுதுகிறேன். சில்லு வைத்த ஒரு பெட்டி. அதற்குள் வாயு நிரப்பியிருக்கும். அதைப் பாதையால் தள்ளிக்கொண்டு போய், கூடு கூடாகத் திறந்து, மிங்கைப் பிடித்து ஒரு சின்ன மடிப்புக் கதவால் உள்ளே விட வேண்டும். பெட்டி நிறைந்ததும் நிறுத்திக் காத்திருக்க வேண்டும். ஹெலன் கையில் மணிக்கூட்டோடு நின்றார். உள்ளே சத்தம் நின்ற பிறகும் அவர் உடனே திறக்க விடமாட்டார். நேரம் முடிய வேண்டும். அன்றைக்கு அந்த வருடத்தின் முதல் வெண்பனி விழுந்திருந்தது. காலையில் அந்த இடம் முழுவதும் கிரீச்சிட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கொட்டிலாகச் சத்தம் நின்றது. மத்தியானம் தாண்டியபோது பண்ணைக்குள் எங்கள் சப்பாத்துச் சத்தம் மட்டுந்தான்.

நடுவில் ஒரு தடவை இழுவை வீட்டைப் பார்த்தேன். அவன் யன்னலில் நின்றான். நான் கையை உயர்த்தினேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. நாலாம் கொட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணாடியில் முகத்தை வைத்தபடி.

நாலாம் கொட்டிலின் கடைசி வரிசையில் ஒரு கூட்டின் கதவு தாழ் போட்டபடி இருந்தது, உள்ளே மிங்க் இல்லை. அடிக்கம்பி துருப்பிடித்து, கை அளவு ஓட்டை. பெட்டிக்குள் வைக்கோல் பள்ளமாக இருந்தது. தோல் கையுறையைக் கழற்றி, மெல்லிய கையுறையால் தொட்டேன். சூடாக இருந்தது. பனியில் சின்னக் கால் தடங்கள் வேலியின் கீழால் போய், வயலைத் தாண்டி, ஓடைக்கரையில் முடிந்தன. பொறிகள் வைத்தோம், ஒரு கிழமை. ஒன்றும் அகப்படவில்லை. கோர்டன் ஓடையைப் பார்த்துக்கொண்டு நின்று, "அது நீந்தும். இங்கே பிறந்த ஒன்றும் நீந்தியதில்லை, ஆனால் அதற்குத் தெரியும்," என்றார். அந்த ஓடை ஆற்றில் விழுகிறது. ஆறு எத்தனை ஊர்களால் போகிறது என்று நான் வரைபடத்தில் பார்த்தேன். பிறகு பார்க்கவில்லை.

ஹெலன் அடுத்த வருடம் ஓய்வு பெற்றார். நான் இன்னும் இரண்டு வருடம் நின்றேன். அந்தக் கொட்டில் என்னைவிட்டுப் போகவில்லை. ஒருமுறை கோயிலில் தீபாராதனை நேரம் திரை விலகியதும், சனமெல்லாம் மூச்சுக் காட்டாமல் ஒரே பக்கம் பார்த்தது. பின்னால் யாரோ இருமினார்கள். அங்கே நிற்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன். மனைவி பின்னால் ஓடிவந்து, "என்னப்பா, பிறஷரோ?" என்றாள். ஓமென்று சொல்லிவைத்தேன்.

தர்ஷினி கேட்ட பிறகு, எழுதினாலும் அவனிடம் அனுமதி கேட்காமல் அனுப்பக் கூடாது என்று முடிவு செய்தேன். இத்தனை வருடத்தில் நான் அவனோடு கதைத்ததில்லை. ஆட்களைப் பிடித்துக் கேட்டதில் விட்பியில் இருக்கிறான் என்று தெரிந்தது. வழக்கு வென்று, குளிரூட்டிகள் பழுது பார்க்கும் வேலையில் இருக்கிறான். ஒரு ஞாயிறு பின்னேரம் போனேன். புதுக் குடியிருப்பு, மரங்கள் இன்னும் தோளளவுதான். கதவைத் திறந்த மதி, யாரென்று சொன்னதும் வழிவிடாமல் நின்றாள். உள்ளேயிருந்து அவன், "வரச் சொல்லும்," என்றான்.

தேத்தண்ணி வந்தது. நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

"கோர்டன் ஒவ்வொரு நாளும் படியில சாப்பாடு வச்சவர்," என்றான். "மிங்கெல்லாம் போனாப் பிறகும். கதவில தட்டிப்போட்டு, தூரப் போய் நிண்டு, நான் எடுக்கிறனோ எண்டு பாப்பார். அவரைக் கெட்டவர் எண்டு எழுதாதேங்கோ."

"எழுதமாட்டன்."

"அண்ணை, உங்களிட்ட ஒண்டு கேக்கோணும். கன நாளா யோசிச்சது. இவவுக்கு செத்தெம்பரில வந்ததுதானே. அதுக்குப் பிறகுதானே அதுகள் சாகத் தொடங்கினது." கோப்பையை மேசையில் வைத்தான். "அதுகளுக்கு நான் குடுத்தனானோ, இல்லாட்டி அதுகள் எனக்குத் தந்ததோ?"

அறிக்கையில் அவனுடைய பெயர் இல்லை, ஓர் இலக்கம்தான் இருந்தது. அந்த முடிவை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, அது என் வேலையில்லை என்று இத்தனை வருடம் இருந்துவிட்டேன். மதி சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"ரெண்டும்," என்றேன். "நீங்கள் குடுத்தது. அதுகளுக்குள்ள இருந்து மாறி, உங்களிட்டத் திரும்பி வந்தது."

அவன் அழுவான் என்று நினைத்தேன். அழவில்லை. தன் உள்ளங்கைகளைப் பார்த்தான்.

"நான் அதுகளோட கதைக்கிறனான், அண்ணை. அங்கை வேற ஆர் இருந்தது கதைக்க? கூட்டில முகத்தை வச்சுக் கதைப்பன். அதாலதான் நாலாம் கொட்டில், என்ன?"

"ஓம்."

"அண்டைக்கு நான் லொறியில ஏறியிருந்தா?"

மதிதான் சொன்னாள். "என்ர ஃப்ளோரில இருபது கிழடுகள் இருந்ததுகள்." அதோடு உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் என் கோப்பையை எடுத்துக்கொண்டு போய் மறுபடியும் நிரப்பிக்கொண்டு வந்தாள்.

நான் எழுதி வைத்திருந்த இரண்டு பக்கத்தையும் எடுத்து, ஆங்கிலத்தில் ஒரு வரி, தமிழில் விளக்கம் என்று வாசித்துக் காட்டினேன். சட்டம் வருமோ, வராதோ, அது எனக்கோ அவனுக்கோ தெரியாது. இரண்டாம் பக்கத்தில் 'ஒரு பண்ணைத் தொழிலாளி' என்று வந்த இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினான்.

"அது ஆர்?"

"நீங்கள்தான். பேரைப் போட்டா உங்கட வேலையிடத்தில ஏதும் கதை வரும் எண்டு..."

"பேரில்லாட்டி வானத்தால வந்த வருத்தம் எண்டு நினைப்பினம், அண்ணை. ஒரு மனிசன் இருந்தவன். ஒரு கொட்டில் இருந்தது. வெட்டிப்போட்டு யோகநாதன் எண்டு போடுங்கோ."

மதி பேனை கொண்டுவந்து தந்தாள். வெட்டிவிட்டுப் போட்டேன்.